குளோரின் தங்காத குளம்

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

சின்னவள் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தாள். மாத்திரை கரைந்துவிட்டது. இந்நேரம் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். குளோரின் கொஞ்சமாக இருந்தால் வெளிறிய ரோஜா, நிறைய இருந்தால் பீட்ரூட் சாறு மாதிரி. அக்கா அப்படித்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நேற்று மாலைதான் டப்பாவிலிருந்து அளந்து, வாளித் தண்ணீரில் கரைத்து, நீச்சல் குளத்தைச் சுற்றி வந்து ஊற்றினாள். இரவெல்லாம் மோட்டார் ஓடியது. அவ்வளவும் ஒரே ராத்திரியில் எங்கே போயிருக்கும்?

மாத்திரைதான் பழசோ என்று சமையலறைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, அதில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். உடனே மெல்லிய ரோஜா நிறம் காட்டியது. மாத்திரை மேல் பழி சொல்ல வழியில்லை.

வீட்டில் அவளைச் சின்னவள் என்றும் அக்காவைப் பெரியவள் என்றும் கூப்பிட்டே எல்லோருக்கும் பழக்கம். பெரியவள் கெட்டிக்காரி. படிப்பு, உத்தியோகம், நல்ல புருஷன், நீச்சல் குளத்தோடு வீடு என்று ஒவ்வொன்றாகக் கைக்குக் கொண்டுவந்தவள். சின்னவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளாக இருந்தாள். ஒரு நாள் புருஷனோடு வாய்த்தகராறு முற்றி, அவன் கையை ஓங்கியதும், ஒரு பெட்டியோடு படியிறங்கிவிட்டாள். அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிப்பதில்லை என்று அவள் சொன்னபோது, பெரியவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வாடி. நாங்க வெளிநாடு கிளம்பறோம். விக்கற வரைக்கும் வீடு சும்மாதான் கிடக்கும். நீ ராணி மாதிரி இரு. அந்தக் குளத்தை மட்டும் பாத்துக்கோ."

அந்த நேரத்தில் அவளுக்கு அது கடவுளே வந்து கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. இப்படி வாரி அணைத்துக்கொள்கிற ஆள் இல்லையே நம் அக்கா என்ற சின்ன உறுத்தல் எழுந்தது. அதை அவளே தட்டிவிட்டாள்.

வீடு 'ப' வடிவத்தில் இருந்தது. மூன்று பக்கம் அறைகள், நான்காவது பக்கம் இரண்டாள் உயர மதில், நடுவில் குளம். கூடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கதவைப் பக்கவாட்டில் தள்ளினால் குளத்தங்கரை. அங்கிருந்து வெளியே போக வேறு வழி கிடையாது. திரும்பக் கூடத்துக்குள் நுழைந்து, அதன் மறுகோடியில் இருக்கும் வாசல் கதவுக்குத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் குளத்துக்குள் இறங்க ஐந்து படிகள். படிகளின் அடியில் இடுப்பளவு தண்ணீர். நடுவில் தோள் வரை வரும். அதற்கப்பால் தரை சரிந்து, நீச்சல் தெரியாதவர்களுக்கு வேலையில்லாத ஆழத்துக்குப் போய்விடும். சின்னவளுக்கு நீச்சல் தெரியாது. வந்த நாளிலிருந்து அவள் அதில் கால்கூட நனைத்ததில்லை.

சனிக்கிழமை வீடு பார்க்க ஒரு குடும்பம் வருகிறது என்று தரகர் சொல்லியிருந்தார். குளமோ, குளிக்கப் போகும் எருமைக்குத்தான் பிடிக்கும் என்கிற நிறத்தில் கிடந்தது.

ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அவள் கடைத்தெருவுக்குப் போனாள். நீச்சல் குளச் சாமான் விற்கிற கடைக்காரர் வழுக்கைத் தலையும் பெரிய தொப்பையுமாக, மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்.

"சுத்தமா பூஜ்யம். எத்தனை பேர் குளிக்கறீங்க?"

"யாருமே குளிக்கறதில்ல. நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு நீச்சலே தெரியாது."

"அப்போ நீங்க தூங்கினப்புறம் யாராவது மதில் ஏறிக் குதிச்சுக் குளிக்கறாங்க போல." அவரே சிரித்துக்கொண்டார். "பயந்துடாதீங்க மேடம், சும்மா சொன்னேன். விஷயம் என்னன்னா, குளோரின் முதல்ல தண்ணில இருக்கற அழுக்கோட மல்லுக்கட்டும். இலை, வியர்வை, எண்ணெய், பாசி, எல்லாத்தோடயும். எல்லாம் தீர்ந்து மிச்சம் நின்னாத்தான் உங்க மாத்திரைல நிறம் காட்டும். நீங்க போட்டதையெல்லாம் ஏதோ தின்னிருக்கு. அதுக்கு வயிறு ரொம்பற மாதிரி போடுங்க."

"ஆனா நெடி நல்லா அடிக்குதே. மூக்கைத் துளைக்குது. அப்போ குளோரின் அதிகம்னுதானே அர்த்தம்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. நல்ல தண்ணிக்கு நெடியே இருக்காது. மனுஷ உடம்பு வியர்வையோட, மூத்திரத்தோட குளோரின் சேரும்போதுதான் அந்த நெடி கிளம்பும். நெடி அடிச்சா, ஆள் இறங்கியிருக்காங்கன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவர் ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். சுவரையும் படியையும் பிரஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஃபில்டரைப் பின்னோக்கி ஓடவிட்டு அழுக்கை வெளியேற்ற வேண்டும். பிறகு வழக்கமான அளவைப் போல நான்கு மடங்கை ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.

"வெயில் குளோரினை நக்கித் தின்னுடும். அதுக்குக் குடை பிடிக்கற மாதிரி ஒரு பவுடர் இருக்கு, என்கிட்ட இப்ப ஸ்டாக் இல்ல. அது இல்லாம வெயில் ஏறினா, ரெண்டு மூணு மணி நேரத்துல எல்லாம் காலி."

வீட்டுக்கு வந்ததும் நீளக் கம்பில் பிரஷை மாட்டிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். பாசி சுவரிலிருந்து பச்சைப் புகை போலக் கிளம்பி, தண்ணீரில் சுருண்டு சுருண்டு கலைந்தது. படிகளின் பக்கம் வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். படிகள் முழுக்கப் பாசி வெல்வெட்டுத் துணி போலப் படர்ந்திருக்க, அடியிலிருந்து இரண்டாவது படியில் மட்டும் இரண்டு இடங்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. நீளவாக்கில், அருகருகே. யாரோ துடைத்துவிட்டது போல. அதற்கு மேல் படியில் ஒரு அகலமான வெள்ளை.

அவள் கம்பை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மேல் படியில் உட்கார்ந்து கீழ்ப் படியில் பாதங்களை வைத்துக்கொண்டால் எந்தெந்த இடம் தேயுமோ, அந்தந்த இடம் தேய்ந்திருந்தது.

தன் மூளைக்கு வேலை இல்லாமல் போனதன் விளைவு என்று அதட்டிக்கொண்டு, படிகள் முழுவதையும் அழுத்தித் தேய்த்தாள். எல்லாம் ஒரே வெள்ளை ஆனது. பொழுது சாய்ந்ததும் கடைக்காரர் சொன்னபடி நான்கு மடங்கைக் கொட்டினாள். மறுநாள் காலையில் பச்சை மெல்லிய சல்லாத்துணி போலத் திரும்ப வந்து படிந்திருந்தது. வெள்ளை இடங்களும் வந்திருந்தன. ஒரு படி மேலே.

அன்று மதியம் அக்காவைக் கூப்பிட்டாள். பெரியவள் எடுத்ததும் வழக்கமான குரலில்தான் ஆரம்பித்தாள்.

"என்னடி, ஒரு குளத்தைப் பாத்துக்கத் தெரியலையா உனக்கு? ஊர்ல பல்லெல்லாம் வெள்ளையாக்கறவ."

"பல்லு சொன்னபடி கேக்கும்க்கா. இது கேக்க மாட்டேங்குது. குளோரின் எவ்வளவு கொட்டினாலும் நிக்கல. அப்புறம் படியில பாசி ஒரு தினுசா தேயுது. கால் வச்ச மாதிரி..."

  

"எத்தனாவது படி?" என்று கேட்டாள் பெரியவள்.

 என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை அக்கா. பாசியாவது காலாவது என்று சிரிக்கவில்லை.

"அக்கா, உனக்கு இது தெரியுமா?"

"எத்தனாவது படின்னு கேட்டேன்."

"கீழேர்ந்து மூணாவது. உக்கார்ற இடம் நாலாவது."

"நிறைய போடு. இன்னிக்கே போடு. தண்ணில குளோரின் நின்னா, அது கீழேயே கிடக்கும். மேல வராது. நாங்க ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம்."

"எது? எது கிடக்கும்?"

 பெரியவளின் குரல் தணிந்து, கெஞ்சலாக மாறியிருந்தது. அந்தக் குரலைச் சின்னவள் வாழ்நாளில் கேட்டதில்லை. "எங்கேயும் போயிடாதடி. வீட்டுல ஒருத்தர் இருக்கணும். வீடு காலியா இருந்தா அது தங்காது. எங்க பின்னாடியே வந்துடும். மாமா வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் உன்னை... சின்னு, கோவிச்சுக்காத. வாங்கறவங்க வந்துட்டா உனக்கும் விடுதலை."

ராணி மாதிரி இரு. சின்னவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பச்சையாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கே? புருஷன் வீட்டுக்கா? அவள் ஓடினால் அது யார் பின்னால் போகும்? இப்போது வீட்டில் இருப்பது அக்கா இல்லை, அவள். 

பொழுது சாய்ந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். இம்முறை நான்கு மடங்கு இல்லை, ஆறு மடங்கு கரைத்தாள். கண்ணில் நீர் வழிய, குளத்தைச் சுற்றி வந்து ஊற்றினாள். கடைசி வாளியைப் படிகளின் மேல் சாய்க்கும்போது, மேல் படியின் விளிம்பில் கரைக்கல் நனைந்திருப்பதைப் பார்த்தாள். இரண்டு ஈரத் தடங்கள். வாளியிலிருந்து சிந்தியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு கவிழ்த்தாள். மிச்ச மருந்தை மோட்டார் அறைச் சுவரோரம் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திப் படுக்கப் போனாள்.

தூக்கம் எப்படியோ வந்தது.

காலையில் குளம் நீலமாக இருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. அடித்தரையின் ஒவ்வொரு ஓடும் தெரிந்தது. செத்த பாசி வெளுத்து, தரையில் சாம்பல் தூவியது போல மெலிதாகப் படிந்திருந்தது. அதன்மேல் ஒரு சுவடு இல்லை, ஒரு கீறல் இல்லை. சோதனைப் பெட்டியை எடுத்துவந்து படியோரமாகக் குந்தி உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் மொண்டு மாத்திரையைப் போட்டாள். பீட்ரூட் சாறு. சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டாள்.

"நின்னுடுச்சுக்கா! கண்ணாடி மாதிரி இருக்கு தண்ணி. ஒண்ணும் தின்னல. போட்டது அப்படியே நிக்குது."

"அப்படியேவா?"

"அப்படியே."

"ஊத்தும்போது எந்தப் படியில இருந்துச்சு?"

"படியிலயா? கவனிக்கல. மேல் படிக்கு வெளியே கல்லு கொஞ்சம் நனைஞ்சிருந்துச்சு, நான்தான் சிந்தி..."

 மறுமுனையில் பெரியவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், மூச்சை மட்டும் இழுத்து இழுத்து.

"தின்ன ஆள் உள்ள இல்லடி," என்றாள் பெரியவள். "அதான் நிக்குது."

அப்போதுதான் சின்னவள் அந்த நெடியை உணர்ந்தாள். குளத்தங்கரையில், கொட்டிய மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது வராத நெடி. கூடத்தில், சோபாவும் புத்தக அலமாரியும் உலர்ந்த திரைச்சீலைகளும் இருக்கிற இடத்தில், மூக்கின் அடியைச் சுடுகிற மாதிரி, புளித்த வியர்வையும் குளோரினும் கலந்து, சுவரோரமாக மெதுவாக அவளை நோக்கித் தடித்துக்கொண்டு வந்தது.

அவள் வாசல் கதவைப் பார்த்தாள். கதவுக்கு முன்னால் கிடந்த மிதியடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதிலிருந்து தரையில் தடங்கள் தொடங்கின. விரல்கள் உள்பக்கம் பார்த்தபடி.

ஒன்று. மறுபடி ஒன்று.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பளிங்குத் தரையில் ஒரு பாதத்தின் ஈரம் மெல்ல ஊறி முழுசானது. குதிகால், உள்வளைவு, ஐந்து விரல்கள். பிறகு அதற்கு முன்னால் இன்னொன்று. அவசரமே இல்லை. சொந்த வீட்டுக்குள் நடப்பது போல.

போன் கையிலிருந்து நழுவி விழுந்தது. தரையில் அக்காவின் குரல் "சின்னு, சின்னு" என்று சன்னமாகக் கத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் குனிய அவளுக்குத் தைரியம் வரவில்லை. முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து கண்ணாடிக் கதவைத் தாண்டினாள். தாண்டியதும் அதை இழுத்துச் சாத்தினாள். இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு மூச்சு படிந்தது. அவள் முகத்தின் உயரத்தில்.

பிறகு கதவு நகர்ந்தது. அவள் எவ்வளவு பலமாக இழுத்துப் பிடித்தும், ஒரு குழந்தையின் கையிலிருந்து பொம்மையை வாங்குவது போல, மெதுவாக, மெதுவாகத் திறந்தது.

அவளுக்கு முன்னால் கதவு. மூன்று பக்கமும் சுவர். மதில் இரண்டாள் உயரம். ஓட இடமே இல்லை. தண்ணீரில் மருந்து நின்றால் அது கீழேயே அடங்கிக் கிடக்கும் என்றாள் அக்கா. அப்படியென்றால் அந்த மருந்துக்கு அது பயப்படுகிறது. அப்படியென்றால், இந்த வீட்டில் அது நுழையாத ஒரே இடம் குளம்தான்.

உடுத்தியிருந்த துணியோடு படிகளில் இறங்கினாள். போகிற போக்கில் கரையோரம் இருந்த சோதனைப் பெட்டியைக் கை எப்படியோ அள்ளிக்கொண்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது. தோலெல்லாம் எரிந்தது. தரை சரியத் தொடங்கும் இடத்தில், பக்கச் சுவரோரமாகக் கரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கரைக்கல்லில் ஈரத் தடங்கள் படி வரை வந்தன. நின்றன.

இறங்கவில்லை.

சின்னவள் அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். எங்கோ ஒரு துளையிடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் கத்தினாள். யாரும் வரவில்லை. தடங்கள் குளத்தைச் சுற்றி மெல்ல நடந்துவந்து, அவள் பிடித்திருந்த விளிம்புக்கு நேராக நின்றுகொண்டன. அவள் கையை எடுத்துவிட்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். தடங்களும் சுற்றிக்கொண்டு அங்கே வந்தன. மோட்டார் அறைச் சுவரோரம் மிச்ச மருந்து டப்பா தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். கரையில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பை எழுப்பப் பார்த்தாள். விரல்களின் மேல் ஏதோ குளிர்ந்து சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. நனைந்த தலைமுடி ஒன்று குனிந்து தொங்கினால் எப்படிச் சொட்டுமோ அப்படி.

கையை உதறிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் விழுந்தாள்.

வெயில் மதிலைத் தாண்டி ஏறியது. நீலத் தண்ணீர் முழுவதும் வெள்ளி வலையாக ஆடியது. தலை உச்சி கொதித்தது. அப்போதுதான் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து, கையில் இருந்த பெட்டியைப் பதறிப்போய்த் திறந்தாள். தண்ணீர் மொண்டு மாத்திரையைப் போட்டாள்.

பீட்ரூட் சாறு இல்லை. ரோஜா.

வெயில் தின்கிறது. வெயில் மட்டுமா? மேலெல்லாம் பயத்தில் வழிகிற வேர்வை, கண்ணீர், தலைக்குத் தேய்த்த எண்ணெய். அவளும்தான் தின்கிறாள். தன்னைக் காப்பாற்றுகிற தண்ணீரை அவள் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. வெளியே ஏற முடியாது, உள்ளே இருக்கவும் கூடாது. ஒரு நொடி மூச்சை அடக்கினாள், அதனால் ஏதோ மிச்சமாகும் என்பது போல.

பக்கத்து வீட்டு மாடியில் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் துணிக்கூடையோடு வந்து கொடியில் சட்டைகளை உதறிப் போடத் தொடங்கினாள். சின்னவள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"இங்க பாருங்க! இங்க! கொஞ்சம் யாரையாவது கூட்டிட்டு வாங்க, என்னால மேல வர முடியல!"

பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"தண்ணி சூப்பரா இருக்கே! காலு பிடிச்சுக்கிச்சா?"

"தயவுசெஞ்சு வாங்க! யாராவது வாங்க!"

"அதான் பக்கத்துலேயே நிக்கறாங்களே, கையைக் குடுக்கச் சொல்லுங்க."



"யாரு?" என்றாள் சின்னவள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

"நீங்க கூப்பிட்டது காதுல விழல போல," என்றாள் மாடிப் பெண். பிறகு சின்னவளின் தலைக்கு மேலே, கரையில் ஓரிடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "என்னங்க, தங்கச்சி கூப்பிடறாங்க பாருங்க. நீங்க எப்ப ஊர்லேர்ந்து வந்தீங்க? சொல்லவே இல்ல!"

பதில் ஏதோ கிடைத்தது போல அவள் தலையாட்டினாள். சிரித்தாள். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவள் மேலே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேல் நெடி கனத்தது. உச்சந்தலையில் ஒரு சொட்டு. வகிட்டில் வழிந்து நெற்றிக்கு வந்தது.

மறுபடி மாத்திரை போட்டாள். வெளிறிய ரோஜா.

சூரியன் நகர்ந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கி, யாருடைய விரல்களோ போல ஆயின.  ஒரு தடவை கண் சொக்கி, வாய்க்குள் தண்ணீர் போய், இருமிக்கொண்டு விழித்தாள். பெட்டியில் மாத்திரைகள் தீர்ந்துகொண்டு வந்தன. ரோஜா இருக்கிறதா, இல்லை தன் கண்தான் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியாத ஒரு நிறம். அதற்குப் பிறகு கடைசி மாத்திரை. குழாயை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

தண்ணீர்.

வெறும் தண்ணீர்.

கரைக்கல்லில் இருந்த ஈரத் தடங்கள் வெயிலில் விளிம்பு சுருங்கின. சிறுத்தன. காய்ந்து மறைந்தன. புதிதாக எதுவும் வரவில்லை. நெடியும் குறைந்தது. சின்னவள் நம்பாமல் கரை முழுவதும் கண்ணை ஓட்டினாள். எங்கும் ஈரமில்லை. போய்விட்டதோ? துளையிடும் இயந்திரம் நின்றிருந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

மேல் படியில் தண்ணீர் லேசாக அமுங்கியது.

அவ்வளவுதான். ஒரு சின்னக் குழி. அலை ஒன்று வட்டமாகக் கிளம்பி வந்து அவள் தாடையைத் தொட்டது. அடுத்த படியில் இன்னொரு குழி.

அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள். தரை சரிந்தது. கால் வழுக்கியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஆழம். இதற்குமேல் ஒரு அடி இல்லை.

கடைசிப் படி.

பிறகு தரை. தெளிந்த தண்ணீரின் அடியில், செத்த பாசியின் சாம்பல் ஓரிடத்தில் குப்பென்று புகைந்து எழுந்தது. அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு பாதத்தின் வெள்ளை. அதற்கு முன்னால் இன்னொரு புகை. நேராக. அவளை நோக்கி. அவசரமில்லாமல்.

"அக்கா," என்றாள் சின்னவள். யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

புகை. புகை. அருகில். இன்னும் அருகில். அவள் கால் விரல்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பாதங்கள். விரலோடு விரல்.

நின்றது.

அவள் முகத்துக்கு நேர் எதிரே, மத்தியான வெயில் பளபளத்த நீலத் தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி, ஒரு கழுத்து கொள்ளும் அளவுக்கு, இரண்டு தோள்கள் கொள்ளும் அளவுக்கு, வெற்றிடமாகத் திறந்து நின்றது. அதற்கு மேலே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத கூந்தலின் நுனிகளிலிருந்து, சொட்டுச் சொட்டாக நீர் அவள் கன்னத்தில் விழத் தொடங்கியது. அந்த வெற்றிடம் மெதுவாக, மிக மெதுவாக, அவள் பக்கம் சாய்ந்தது.